பேய் பங்களாவுக்கு நான் போட்ட மார்க்

உள்ள போகலீங்களா? அப்ப உக்காருங்க. அந்தப் பையை இங்க வெச்சுக்குங்க, நான் நகந்துக்கறேன். சம்சாரமும் பாப்பாவும் போயிருக்காங்களா? வரிசையைப் பாத்தா முக்கா மணி நேரம் ஆகுமுங்க. ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான். செருப்பு, தண்ணி பாட்டில், ஹேண்ட்பேக் எல்லாத்தையும் நம்ம மடியில போட்டுட்டு அவங்க போயிருவாங்க.

பேய்னா பயமாங்க? சொல்ல வேண்டாம், விடுங்க. நான் இந்தப் பேய் பங்களாவுக்குள்ள நூத்தி முப்பத்தெட்டு தடவை போயிருக்கேன். சிரிக்காதீங்க, தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்.

என்ர பேரு சென்னியப்பன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் மாஸ்டர். தைச்சு வர்ற பீஸை லைட்டுக்குக் கீழ விரிச்சுப் பாக்கணும். ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாத்து, இருந்தா ரிஜெக்ட். இருபத்தாறு வருசமா இதே வேலைங்க. எங்கிட்ட ஒரு சட்டையைக் குடுத்தீங்கன்னா ரெண்டு நிமிசத்துல அதுல என்ன குறைன்னு சொல்லீருவேன். இப்பக்கூட உங்க சட்டையில மூணாவது பட்டனுக்குக் கீழ நூல் பிசிறு தொங்குது. தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணு அங்கதான் போகுது.

இந்தத் தாரிணி லேண்டு பார்க்குக்கு ரசிகருங்க குரூப் ஒண்ணு இருக்குது, வாட்ஸ்அப்ல. எரநூத்திப் பன்னெண்டு பேரு. எல்லாரும் வருச பாஸ் எடுத்தவங்க. காலையில எந்திரிச்சா சண்டை ஆரம்பிச்சிரும். பெரிய ராட்டினம் முன்ன பன்னெண்டு சுத்து சுத்துச்சு, இப்பப் பத்துதான். அலைக் குளத்துல அலை இடுப்பு வரைக்கும்கூட வர்றதில்ல. பார்க் பழைய மாதிரி இல்லைன்னு ஒரு கட்சி. பார்க் அப்படியேதான் இருக்குது, நமக்குத்தான் பழகிப் போச்சுன்னு இன்னொரு கட்சி. நான் மொதக் கட்சிங்க. சொல்லப் போனா அந்தக் கட்சிக்கே தலைவர் நான்தான். எதிர்க்கட்சியில ஷர்மிளா பானுன்னு ஒரு அம்மிணி. ஈரோட்டுல பியூட்டி பார்லர் வெச்சிருக்குது. நான் ஒண்ணு எழுதுனா அது ரெண்டு எழுதும். "சென்னியப்பண்ணா, பார்க்குல குறை இல்லீங்ண்ணா, நீங்க இங்கயும் செக்கிங் டேபிளைத் தூக்கிட்டு வந்துட்டீங்க"ன்னு போடும். எல்லாரும் சிரிப்பு பொம்மை போடுவாங்க. நானும் ஒண்ணு போட்டு வெப்பேன்.

என்னை இங்க இழுத்துட்டு வந்ததே எங்க சுலோச்சனாதானுங்க. என்ர சம்சாரம். எங்களுக்குக் கொழந்தை இல்லை. கொழந்தை இல்லாதவங்களுக்குத் தீம் பார்க்குல என்ன வேலைன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. "கொழந்தை இருக்கறவங்க அதுங்க பின்னாடி ஓடத்தான் போறாங்க, நாமதான் வெளையாடப் போறோம்"னு அவ சொல்லுவா. மாசத்துல ரெண்டு ஞாயிறு. அவிநாசில பஸ் மாறி இங்க வந்து எறங்குனா வேற எதுக்கும் போக மாட்டா. நேரா பேய் பங்களாதான். அப்பல்லாம் உள்ள மெசின் கெடையாதுங்க. மனுசங்கதான் பேயா வேசம் போட்டாங்க. அஞ்சு ரூமுக்கு ஒம்பது பேரு. கடைசி ரூமு கெணத்து ரூமு.

கெணத்து ரூமுன்னா, நடுவுல ஒரு கெணறு கட்டி வெச்சிருக்காங்க. மேல பச்சை லைட்டு. நாலடி ஆழந்தான், தண்ணியெல்லாம் கெடையாது. நாம கிட்டத்துல போறப்ப உள்ளிருந்து ஒரு பொம்பளைப் பேய் மெதுவா எந்திரிக்கும். முடியெல்லாம் மூஞ்சி மேல கெடக்கும். தொடாது. பேய் யாரையும் தொடக் கூடாது, அது பார்க்குச் சட்டம். கையை மட்டும் நீட்டிக்கிட்டு, அடித் தொண்டையில, "வர்றியா... எங்கூட வர்றியா"ன்னு கேக்கும். எளவட்டப் பசங்களே அலறிக்கிட்டு ஓடுவாங்க. சுலோச்சனாவும் அலறுவா. அலறி முடிச்சிட்டு, கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாத்து, "இன்னைக்கு வேண்டாம்டி, ஊட்டுல மாவு ஆட்டி வெச்சிருக்கேன்"னு பதில் சொல்லீட்டுத்தான் வெளிய வருவா. தடவைக்கு ஒரு சாக்கு. துணி காயப் போட்டிருக்கேன், கேஸ் சிலிண்டர் வருது, நாளைக்கு ஏகாதசி. ஒரு நாள் அந்தப் பேய் சிரிப்பை அடக்க முடியாம கெணத்துக்குள்ளயே உக்காந்துக்கிச்சுங்க.

அவ போயி, வர்ற தை வந்தா அஞ்சு வருசம். மூணு நாள் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதை விடுங்க.

ரெண்டு பேருக்கும் எடுத்த வருச பாஸ் அப்ப இன்னும் ஏழு மாசம் பாக்கி இருந்துச்சு. நான் எதையும் வீணாக்கற ஆளு இல்லீங்க. காரியமெல்லாம் முடிஞ்சு மூணாவது மாசம் தனியா வந்தேன். அன்னைக்குக் கூட்டம் இல்லை. கெணத்து ரூமுல நான் மட்டுந்தான். பேய் எந்திரிச்சுச்சு. கையை நீட்டுச்சு. வர்றியா, எங்கூட வர்றியான்னு கேட்டுச்சு. நான் "வர்றேன்"னு சொன்னேன்.

சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. சுலோச்சனா எந்நேரமும் வேண்டாம் வேண்டாம்னே சொல்லிக்கிட்டிருந்தா, நான் மாத்திச் சொல்லிப் பாத்தேன், அவ்வளவுதான். செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சேன். ஒரு காலைத் தூக்கிக் கெணத்துத் திட்டு மேல வெச்சேன். இன்னொரு காலையும் வெச்சேன். வழுக்கிருச்சு. உள்ள விழுந்துட்டேன். முட்டியில லேசாச் சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. பேய்தான் "லைட்டைப் போடுங்க, லைட்டைப் போடுங்க"ன்னு கத்துச்சு. நான் கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு ஞாபகம் இல்லை. அழுதேன்னு பின்னால சொன்னாங்க. அழுதிருக்க மாட்டேன். உள்ள புகை போடுவாங்கல்லீங்க, கண்ணு எரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறந்தானுங்க பேய் பங்களா கெட்டுப் போச்சு.

அடுத்த தடவை வர்றேன். மொத ரூமுல கதவுக்குப் பின்னால இருந்து பாய வேண்டிய பேய், சொவத்தோட சாஞ்சு நிக்குது. சமையக்கட்டு ரூமுல கத்தியைத் தூக்கிட்டு வர்ற பேய், கத்தியைக் கீழ வெச்சிட்டு ஒதுங்கி வழி விடுது. கெணத்து ரூமுல பேய் எந்திரிக்கவே இல்லை. உள்ள இருந்துக்கிட்டே, சாதாரணக் கொரல்ல, "படி இருக்குது, பாத்துப் போங்க"ங்குது. நீங்களே சொல்லுங்க. ஒரு பேய் வந்து படி பாத்துப் போகச் சொல்லலாமா? அதுக்கா டிக்கெட் போட்டு வெச்சிருக்காங்க? சரி, உடம்பு சரியில்லையாட்டம் இருக்குதுன்னு விட்டேன். அடுத்த தடவையும் அதே. அதுக்கடுத்த தடவையும் அதே. ஒரு நாள் "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை.

மரியாதை மட்டும் கொறையலைங்க. ஆளுங்க உள்ள நுழையறப்ப வாசல்ல நிக்கறவரு ஒரு மணியை அமுக்குவாரு, பேயெல்லாம் தயாராகறதுக்கு. மத்தவங்களுக்கு ஒரு தடவைதான். எனக்கு மட்டும் மூணு தடவை. பழைய ஆளுன்னு குடுக்கற மதிப்புன்னு நெனச்சுக்குவேன்.

ரெண்டு வருசம் பொறுத்தேன். அப்புறம் குரூப்புல எழுதுனேன். நீளமா எழுதுனேன். தலைப்பே "பேய் பங்களா செத்துப் போச்சு". ரூம் ரூமா குறை. நாள் பூரா அதேதான் பேச்சு. பாதிப் பேரு ஆமாங்கறாங்க. ஷர்மிளா பானு விடலை. "போன வாரந்தான் போனேன், கெணத்து ரூமுல எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு, பத்துக்கு ஒம்பது"ன்னு போட்டுச்சு. நீ பல்லியைப் பாத்தாலே கத்தற ஆளுன்னு நான் போட்டேன். பேச்சு முத்திப் போயி, சரி, பரீட்சை வெச்சே பாத்துரலாம்னு முடிவாச்சு. ஏழு பேரு ஒரு ஞாயித்துக்கிழமை ஒண்ணா உள்ள போறது. ரூமுக்குப் பத்து மார்க். ஒருத்தரு போட்டதை இன்னொருத்தரு பாக்கக் கூடாது. செக்கிங்ல நாங்க அப்படித்தான் பண்ணுவோம். அனுபவஸ்தன்னு சொல்லி என்னை முன்னால விட்டாங்க. வாசல்ல மணி மூணு தடவை அடிச்சுச்சு.

ஒருத்தர்கூட அலறலைங்க. பேயெல்லாம் துக்க ஊட்டுல நிக்கற மாதிரி ஓரமா நிக்குதுங்க. கெணத்து ரூமுல, படி இருக்குது பாத்துப் போங்க. எங்காளு ஒருத்தரு சிரிச்சே போட்டாரு. வெளிய வந்து இதே பெஞ்சுல உக்காந்து கணக்குப் போட்டோம். சராசரி அம்பதுக்கு ஏழு. ஷர்மிளா பானு மொகம் வாடிப் போச்சு. "அண்ணா, நான் தனியா வந்தப்ப இப்படி இல்லீங்ண்ணா, சத்தியமா இல்லை"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தோத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நான் சொன்னேன். அதுவும் கம்மியாத்தான் போட்டிருந்துச்சு, வேற வழியில்லாம.

அந்த மார்க்கை ஆபீசுக்கு அனுப்பி வெச்சோம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. ஏசி ரூமு, காப்பி. "உங்களை மாதிரி ரசிகருங்கதான் சார் எங்களுக்கு முக்கியம். நீங்க என்ன நெனைக்கறீங்க, இவங்களை வெச்சே சரி பண்ணீர முடியுமா"ன்னு கேட்டாரு. ஒரு பீஸ் ரெண்டு பீஸ்ல குறைன்னா திருத்தலாம், மொத்த லாட்டே குறைன்னா திருத்த முடியாது சார்னு சொன்னேன். எங்க தொழில்ல அப்படித்தானுங்க. அதுல என்ன தப்பு? அவரு கேட்டாரு, நான் சொன்னேன்.

நாலு மாசத்துல ஒம்பது பேரையும் நிறுத்தீட்டாங்க. மெசின் பேய் வந்துச்சு. காத்தழுத்தத்துல எந்திரிக்கும், கண்ணு எரியும், தலை சுத்தும். ஆளு வர்றதை அதுவே கண்டுபுடிச்சுப் பாயும். திறப்பு விழாவுல எனக்குச் சால்வை போட்டு ஆயுள் பாஸ் குடுத்தாங்க. இதோ, கழுத்துல தொங்குது பாருங்க. சென்னியப்பன், ஆயுள் ரசிகர். குரூப்புல ஒரே வாழ்த்து. ஷர்மிளா பானு மட்டும் குரூப்பை விட்டுப் போயிருச்சு.

வரிசை நகந்திருச்சு பாருங்க. மஞ்சக் கவுனு போட்டது உங்க பாப்பாதானுங்களே? கையைக் காட்டுது. நீங்களும் காட்டுங்க, பயப்படாமப் போகட்டும். அடுத்த கூட்டத்துல உள்ள விட்டுருவாங்க.

எங்க விட்டேன்? ஆங். இந்தச் சித்திரையில எங்க கம்பெனிக்குச் செக்கிங்குக்குப் புதுசா நாலு பொம்பளைங்க வந்தாங்க. அதுல ஒரு அம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேரு மயிலாத்தாள். விஜயமங்கலத்துப் பக்கம். வேலை மெதுவுங்க. கண்ணுக்குக் கிட்டத்துல வெச்சுப் பாத்தும் கறையை விட்டுரும். நாலு நாள் திட்டுனேன். அஞ்சாவது நாள் டீ டைம்ல எங்கிட்ட வந்து நின்னு, "மாஸ்டர், என்னைத் தெரியலீங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும், என்ர மூஞ்சியைத்தான் நீங்க பாத்ததே இல்லையே"ன்னு சொல்லுச்சு. யாரும்மா நீன்னு கேட்டேன். "கெணத்துக்குள்ள இருந்தவ"ன்னு சொல்லுச்சு.

கையில இருந்த டீயைக் கீழ வெச்சிட்டேன்.

அது கோவமாப் பேசியிருந்தாத் தேவலைங்க. கோவமே இல்லை. "அக்காவை எனக்கு நல்லாத் தெரியும் மாஸ்டர். அவங்க எப்ப வருவாங்க, இன்னைக்கு என்ன சாக்குச் சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். நீங்க தனியா வந்து வர்றேன்னு சொன்னீங்களே, அன்னைக்கு நாங்க ஒம்பது பேரும் உக்காந்து பேசுனோம். அந்த அண்ணனை இனி யாரும் பயமுறுத்தக் கூடாது, நான் அவரை வான்னு கூப்பிடவே கூடாது, வேலையே போனாலும் சரின்னு பேசி வெச்சுக்கிட்டோம். நீங்க வந்தா மூணு மணி அடிக்கச் சொன்னது அதுக்குத்தான். ஏழு பேரா வந்தீங்களே, அன்னைக்கும் மூணு மணி அடிச்சுச்சுங்க."

நீங்களே சொல்லுங்க, இவங்களை யாருங்க எரக்கப்படச் சொன்னது? நான் கேட்டேனா? ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருந்தா நான் மார்க்கே வேற மாதிரி போட்டிருப்பேன்ல? அதைத்தான் அதுகிட்டயும் கேட்டேன். "சொன்னா நீங்க வர்றதையே நிறுத்தீருவீங்க. அப்புறம் ஊட்டுல தனியாக் கெடந்து..." அத்தோட நிறுத்திக்கிச்சு. வழுக்கி விழுந்ததுக்கு ஏம்மா இத்தனை கதைன்னு கேட்டேன். அது என்னையவே பாத்துச்சு. "வழுக்கறவங்க செருப்பைக் கழட்டி, ஜோடி சேத்து வெச்சிட்டு வழுக்குவாங்களா மாஸ்டர்"னு கேட்டுச்சு.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது பாத்து முடிச்ச நாலு பண்டலையும் பிரிச்சு ரிஜெக்ட் போட்டேன். கறை இருந்துச்சுங்க, நெஜமாவே இருந்துச்சு. ஒரு பண்டல்ல இல்லை. அடுத்த நாள் அது வேலைக்கு வரலை.

தொல்லை விட்டுச்சுன்னு இருந்திருக்கணும். இருக்க முடியலைங்க. ஞாயித்துக்கிழமை இங்க வந்தேன். கெணத்து ரூமுக்குப் போனேன். மெசின் பேய் எந்திரிச்சு, வர்றியா, எங்கூட வர்றியான்னு கேட்டுச்சு. அது மயிலாத்தா கொரலுங்க. ஆளை அனுப்பறதுக்கு முன்னால கொரலை மட்டும் பதிவு பண்ணி வெச்சுக்கிட்டாங்களாட்டம் இருக்குது. அதுக்கு முன்னாலயும் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், மெசின்தானேன்னு காதுல வாங்கலை. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மெசினுக்கு ஒரு மணியும் மூணு மணியும் ஒண்ணுதானுங்களே. முன்னால ஆளு நின்னா கேக்கும். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அது எறங்கும், எந்திரிக்கும், மறுபடி கேக்கும். பதினோரு தடவை எண்ணுனேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க. அது நூத்தி முப்பத்தெட்டாவது தடவை. பதில் வாய் வரைக்கும் வந்துருச்சு. பின்னால வந்த கூட்டத்துல ஒருத்தரு, "பெரியவரே, கொஞ்சம் நகருங்க"ன்னு தோளைத் தொட்டாரு. அதனால வெளிய வந்தேன்.

அடுத்த நாளே லீவு போட்டுட்டு விஜயமங்கலம் போனேன். அட்ரஸ் கம்பெனி ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. நான் போறப்ப அது தண்ணிக் கொடத்தை எறக்கி வெச்சுக்கிட்டிருந்துச்சு. மன்னிப்புக் கேக்கத்தானுங்க போனேன். வாயில வந்தது வேற. "அந்தக் கொரலை எடுக்கச் சொல்லி எழுதிக் குடும்மா. உன்ர கொரல், உனக்கு உரிமை இருக்குது. மேனேஜர்கிட்ட நான் கொண்டு போறேன்"னு நின்னுக்கிட்டே சொன்னேன். "மொதல்ல உள்ள வந்து உக்காருங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. கம்பெனியிலதான் மாஸ்டர், ஊட்டுல அண்ணன் ஆயிட்டேன்.

ரெண்டு இட்டிலி வெச்சுக் குடுத்துச்சு. சட்டினியில உப்புக் கம்மி. நான் சொல்லலை.

"அந்தக் கொரலாவது அங்க இருக்கட்டும்ணா. எங்க ஊருப் புள்ளைங்க பார்க்குக்குப் போயிட்டு வந்து, அத்தை, உன்ர கொரலைக் கேட்டு அலறீட்டோம்னு சொல்லுதுங்க. பன்னெண்டு வருசம் அந்தக் கெணத்துல கெடந்ததுக்கு எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம். ஆனா நீங்க போகாதீங்க. முன்னன்னா உங்களைப் பாத்து நான் நிறுத்திக்குவேன். இப்ப நிறுத்தறதுக்கு அங்க ஆளில்லை. இனி அதுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு எம் மேல சத்தியம் பண்ணுங்க"ன்னு கையை நீட்டுச்சு.

சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்தேனுங்க.

குரூப்புல இப்ப மறுபடி அதே சண்டை. மெசின் பேயும் பழசாயிப் போச்சாம், ஒண்ணும் பயமில்லையாம். சென்னியப்பண்ணன் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கறாருன்னு கேட்டுக் கேட்டு எழுதறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? உள்ள போகாம மார்க் போட முடியாதுங்களே.

இல்லீங்க, சத்தியத்தை மீறலை. நாலு மாசமா அந்த வாசப்படியை மிதிக்கலை. இந்தப் பெஞ்சோட சரி. அதோ தெரியுது பாருங்க, வெளிய வர்ற கதவு. கெணத்து ரூமு அதுக்கு அந்தப் பக்கந்தான். ஒவ்வொரு கூட்டம் வெளிய வர்றப்பவும் கதவு தொறக்கும். மூடறதுக்குள்ள அது ஒருக்காக் கேக்கும். என்னைத்தான் கேக்குதுன்னு சொல்ல வரலைங்க, அது யாரை வேணும்னாலும் கேக்கற மெசின். ஆனா வாரத்துல மிச்சம் ஆறு நாளும், கம்பெனியிலயும் சரி, ஊட்டுலயும் சரி, என்னை எங்கயும் வான்னு யாருங்க கூப்பிடறாங்க? வெளிய உக்காந்து கேக்கறது சத்தியத்துல சேராதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மயிலாத்தாகிட்டச் சொல்லலை. சொன்னா வையும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். பக்கத்துல ஒரு ஆளைப் புடிச்சு வெச்சுப் பேசிக்கிட்டிருந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சு உள்ள போயிர மாட்டேன். அதுக்குத்தான் உங்களை உக்கார வெச்சேன். வாரா வாரம் இந்தப் பெஞ்சுக்கு யாராவது ஒருத்தரு வந்துருவாங்க.

உங்க பாப்பா போன கூட்டம் முடிஞ்சிருச்சாட்டம் இருக்குது, கதவு அசையுது. தொறந்தா அவங்க இங்க வந்து சேர ஒரு நிமிசம் ஆகுமுங்க. அந்த ஒரு நிமிசம் மட்டும் எந்திரிச்சுப் போயிராதீங்க சாமி. என்ர தோள் மேல கையை வெச்சுக்குங்க.